பெட்டியைத் திறந்து பார்க்காமல் பணத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள்

"பெரிய கம்பெனிதானே ரீஃபண்ட் கொடுக்குது, நமக்கென்ன?" இந்தப் பேச்சை நம் ஆட்களிடம் அடிக்கடி கேட்கிறேன். ஆன்லைன் விற்பனைத் தளத்தை நடத்தும் கம்பெனி கொடுப்பதில்லை. பெரும்பாலும் அந்தப் பணம் விற்றவருக்கு வரவேண்டிய காசிலிருந்துதான் போகிறது. பல சமயம் பார்சல் திரும்பி வரும் கூலியும் அவர் தலையில்தான் விழுகிறது.

என் அக்கா கோலாலம்பூர் செந்தூலில் வீட்டு முன்னறையிலேயே சேலை வியாபாரம் செய்கிறார். மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் மொத்தமாக எடுத்து ஆன்லைனில் விற்பார். தீபாவளிக்கு முந்தின மாதம்தான் அவருக்கு வருமானம். தீபாவளி முடிந்த கையோடு பார்சல்கள் திரும்பி வர ஆரம்பிக்கும். போன வருஷம் அப்படி வந்த ஒன்றை நானே பிரித்தேன். 280 வெள்ளி (ரிங்கிட்) விலையுள்ள பட்டுச் சேலை. "படத்தில் இருந்த நிறம் இல்லை" என்பது வாங்கியவர் சொன்ன காரணம். பிரித்ததும் சாம்பிராணி வாசம். முந்தானை மடிப்பில், தோளில் நிற்கும் இடத்தில், ஊக்கு குத்திய துளைகள். கீழ்க்கரையில் ஃபால்ஸ் வைத்துத் தைத்துப் பிரித்த நூல் இன்னும் தொங்குகிறது. கட்டிப் பார்த்துப் பிடிக்காமல் போன சேலைக்கு யாராவது ஃபால்ஸ் தைப்பார்களா? நாங்கள் பிரிப்பதற்கு முன்பே பணம் அந்த அம்மாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னொரு பெட்டியில் பட்டுக்குப் பதிலாக ஒரு பழைய பாத்திக் துணி. போகும்போது கூரியர் சீட்டில் 0.9 கிலோ, திரும்பி வரும்போது 0.3 கிலோ. இரண்டு எடையும் கூரியரின் பதிவிலேயே இருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஆள் இல்லை. பேக்கிங் வீடியோவோடு அக்கா தளத்திடம் மேல்முறையீடு செய்தார். "ஆதாரம் போதவில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. வாங்கியவர் அனுப்பிய இரண்டு படம் மட்டும் போதுமாக இருந்ததாம். கைத்தொலைபேசியிலேயே ஏஐ வைத்து நல்ல துணியில் கிழிசலும் கறையும் வரவழைக்க முடிகிற காலம் இது. இன்னும் படத்தை மட்டும் நம்பித் தீர்ப்பு சொல்வது அநியாயம்.

வாங்குபவருக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. போலிப் பொருள் அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம் என்பது இந்த நாட்டில் எனக்குப் பிடித்த ஏற்பாடுகளில் ஒன்று. ஆனால் அங்கே விற்றவர் போய் வாங்கியவர் மேல் வழக்குப் போட முடியாது. அவருக்கு இருக்கும் வழி மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழக்கு. வக்கீல் இல்லாமலே 5,000 வெள்ளி வரை கேட்கலாம். அதற்கு எதிராளியின் பெயரும் முகவரியும் வேண்டுமே! பல தளங்களில் விற்பவர் பார்ப்பது ஒரு புனைபெயரும் நட்சத்திரக் குறி போட்டு மறைத்த போன் நம்பரும்தான். விற்பவரோ 2013 முதலே பெயர், பதிவு எண், தொடர்பு விவரம் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் போட்டாக வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. போலீஸுக்குப் போகலாம், ஏமாற்றுக் குற்றத்துக்குக் குற்றவியல் சட்டத்தின் 420ஆவது பிரிவில் 10 வருஷம் வரை சிறை. ஆனால் ஒரு சேலைக்காகக் கடையை விட்டுவிட்டு யார் அலைவது?

இத்தனைக்கும் 1999 பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உடுத்திவிட்டுத் திருப்புகிறவர் பக்கம் இல்லை. கைக்குப் போன பிறகு, பொருளின் அசல் நிலைக்குச் சம்பந்தமில்லாத காரணத்தால் சேதமானால், திருப்பும் உரிமை இல்லை என்றுதான் அது சொல்கிறது. சட்டத்தைவிடத் தாராளமாக இருப்பது தளங்களின் சொந்த விதிகள். உடனே பணம் திருப்பித் தருகிறோம் என்பது அவர்கள் விளம்பரம் என்றால், அந்தச் செலவையும் அவர்களே ஏற்கட்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். திரும்பி வந்த பெட்டியை விற்றவர் பிரித்துப் பார்க்கும் வரை பணம் தளத்திடமே இருக்கட்டும், யாருக்கும் போக வேண்டாம். விற்றவர் பொய் சொன்னால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பார்சல் கைக்கு வந்த 2 நாளுக்குள், சீட்டு தெரிய, நடுவில் வெட்டாமல் எடுத்த வீடியோவை அவர் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பணம் தானாக வாங்கியவருக்குப் போகட்டும். போன எடையும் வந்த எடையும் ஒத்துப்போகாவிட்டால் மெஷின் முடிவு செய்யக் கூடாது, ஒரு மனிதர் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வாங்குபவரின் முகவரியை விற்பவர் எல்லாருக்கும் காட்டச் சொல்லவில்லை, அது ஆபத்து. நீதிமன்றம் கேட்டால் கொடுக்கும்படி உண்மையான பெயரோடு தளத்திடம் இருந்தால் போதும்.

உள்நாட்டு வாணிப அமைச்சு தளங்களைக் கூப்பிட்டுப் பேசும்போது அக்காவைப் போன்ற சின்ன வியாபாரிகளையும் கூப்பிட வேண்டும். விற்கிறவர்கள் அதுவரை கூரியர் சீட்டில் இரண்டு எடையும் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள், திரும்பி வந்த பெட்டியை வீடியோ ஓடாமல் பிரிக்காதீர்கள். மேல்முறையீடு செய்து ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால், எந்த ஆதாரத்தை ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதுங்கள். அக்காவின் இரண்டாவது மேல்முறையீடு இன்னும் முடியவில்லை.