நான்கு நாள் நின்றுவிட்டு வந்தோம்

திரும்பி வந்து மூன்று நாளாகிறது. கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. பார்க்கிறவர்கள் எல்லாம் "தீம் பார்க் எப்படி இருந்தது?" என்று கேட்கிறார்கள். "சூப்பர்" என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது. இங்கேயாவது உண்மையைக் கொட்டிவிடுகிறேன். நாங்கள் நான்கு நாள் நின்றுவிட்டு வந்தோம். நடுநடுவே இரண்டு நிமிடம் எங்களைத் தூக்கிக் கவிழ்த்துப் போட்டுவிட்டு, மறுபடி நிற்க அனுப்பிவைத்தார்கள். அவ்வளவுதான்.

இவள் எதையும் பெரிதுபடுத்திச் சொல்கிறவள் என்று நினைக்கிறவர்களுக்காகக் கணக்கே வைத்திருக்கிறேன். இரண்டாம் நாள் முழுக்க என் மகள் ஃபோனில் நேரம் குறித்துக்கொண்டே வந்தாள் (பதினோரு வயது, அவளுக்கு இதில் ஒரு தனி ஆனந்தம்). உள்ளே இருந்தது 11 மணி நேரம். ஏறியது 7 ரைடு. ஏழிலும் சேர்த்து ஆடிய நேரம் 19 நிமிடம். வரிசையில் நின்றது 5 மணி 40 நிமிடம். மிச்சமெல்லாம் கழிப்பறை, சாப்பாடு, தொலைந்த தொப்பி, அப்புறம் "அடுத்து எங்கே?" என்று ஐந்து பேரும் ஐந்து திசையைக் காட்டிப் போட்ட சண்டை.

ஒரு நாள் போதாதா என்று என் கணவர் அப்போதே கேட்டார். நான்தான் கேட்கவில்லை. இந்த டிக்கெட் விற்கிற விதம் அப்படி. நாள் கூடக் கூட ஒரு நாளைக்கான விலை இறங்கிக்கொண்டே போகும். மூன்றாம் நாளைச் சேர்த்தால் கொஞ்சம்தான் கூடும், நான்காம் நாள் கிட்டத்தட்ட சும்மா. சும்மா வருகிற நாளை யார் விடுவார்கள்? அந்தச் சும்மா நாளுக்கும் அறை வாடகை உண்டு, ஐந்து பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு உண்டு என்பது நான்காம் நாள் காலையில்தான் எனக்கு உறைத்தது. அப்போது என் மகன் ஷூ போட மாட்டேன் என்று கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தான்.

வேறு எங்கே போனாலும் ஒரு நாள் தூங்கிக் கழிக்கலாம். மழை வந்தால் ஜன்னலோரம் உட்காரலாம். இங்கே அது முடியாது. "டிக்கெட் வீணாகிவிடும்" என்று ஒருத்தி சொல்லிக்கொண்டே இருப்பாள். அந்த ஒருத்தி நான்தான். ஆறு வாரம் உட்கார்ந்து ஒரு அட்டவணை போட்டிருந்தேன். எந்த ரைடு எந்த மூலையில், எதற்கு எப்போது கூட்டம் குறையும், எதற்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று நிறம் தீட்டி வைத்திருந்தேன். திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பே கேட்டில் போய் நின்றால் முதல் ரைடு உடனே கிடைக்கும் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். போய் நின்றோம். அதைப் படித்த அத்தனை பேரும் எங்களுக்கு முன்னால் நின்றார்கள்.

நிற்பதே தப்பு என்று சொல்லவில்லை. அதில் நியாயமான பங்கு ஒன்று இருக்கிறது. ரோலர் கோஸ்டர் தடத்தைப் பல பகுதிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். ஒரு பகுதியில் ஒரு வண்டிக்குத்தான் இடம். முன்னால் போன வண்டி அதைத் தாண்டிவிட்டது என்று சென்சார் உறுதி செய்த பிறகுதான் பின்னால் வருகிற வண்டியை பிரேக் விடும். மேடையில் ஒரு ஆள் பெல்ட்டை மாட்டத் தடுமாறினால் பின்னால் எல்லாமே காத்திருக்கும். காத்திருக்கட்டும். மின்னல் அடித்தால் திறந்தவெளி ரைடுகளை நிறுத்துகிறார்கள். தாராளமாக நிறுத்தட்டும். என் பிள்ளைகள் ஏறுகிற வண்டி, அதில் அவசரம் காட்டுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

எரிச்சல் வருவது வேறு இடத்தில். வரிசை எவ்வளவு நீளம் என்று நம் கண்ணுக்குத் தெரியாதபடி கட்டியிருக்கிறார்கள் பாருங்கள், அங்கே. ஒரு குகை வரும். குகை முடிந்தால் ரைடு என்று நினைப்போம். குகைக்குப் பின்னால் ஒரு மண்டபம், மண்டபத்துக்குப் பின்னால் ஒரு நூலகம், அதில் தூசி படிந்த பொய்ப் புத்தகங்கள். ஒரு கதவு திறக்கும், பிள்ளைகள் "ஹே!" என்று கத்துவார்கள், உள்ளே மறுபடியும் கம்பி கட்டிய பாம்பு வரிசை. காத்திருப்பின் உளவியலைப் பற்றி டேவிட் மைஸ்டர் என்பவர் 1985 இல் ஒரு கட்டுரை எழுதினார். சும்மா நிற்கிற நேரம் நீளமாகத் தோன்றும், ஏதாவது வேலையோடு கழிகிற நேரம் குறைவாகத் தோன்றும் என்றார். பூங்காக்காரர்கள் இதைக் கரைத்துக் குடித்திருக்கிறார்கள். அந்தப் பொம்மைகளும் புகையும் பேசும் மண்டை ஓடும் அதற்குத்தான். ஆனால் அதே கட்டுரையில், எவ்வளவு நேரம் என்று தெரியாத காத்திருப்பும் ஏன் என்று சொல்லாத காத்திருப்பும் இன்னும் நீளமாகத் தோன்றும் என்றும் இருக்கிறது. அந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டார்கள் போலிருக்கிறது. பலகையில் 45 நிமிடம் என்று போட்டிருந்த ரைடில் ஒன்றேகால் மணி நேரம் நின்றோம். கேட்டால் ஒரு சின்னப் பையன் புன்னகை செய்கிறான். அவனுக்கும் தெரியாது, பாவம். அவனும் எங்களோடு நின்றுகொண்டுதான் இருந்தான்.

சரி, முக்கியமான வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். நாம் நிற்கிறோம். நமக்குப் பக்கத்தில் இன்னொரு பாதை. அதில் ஆட்கள் கைவீசி நடந்து போகிறார்கள். விரைவு வரிசை! நுழைவுச்சீட்டு வாங்கிய பிறகு, மேலும் காசு கட்டினால் அந்தப் பாதை.

ஒரு ரைடு மணிக்கு 1,000 பேரை ஏற்றுகிறது என்று வையுங்கள். எனக்கு முன்னால் 500 பேர். அரை மணியில் ஏறிவிடுவேன். இப்போது அந்த 1,000 இடத்தில் 600 இடத்தை விரைவு வரிசைக்குக் கொடுங்கள். எங்களுக்கு மிஞ்சுவது 400. அதே 500 பேர், அதே வண்டி, அதே வேகம். ஆனால் 75 நிமிடம். அதாவது, என்னிடமிருந்து 45 நிமிடத்தை எடுத்து, அதையே என்னிடம் விலைக்கு நீட்டுகிறார்கள்.

"பாஸ் இல்லாவிட்டால் அவர்களும் உன் வரிசையில்தானே நின்றிருப்பார்கள்?" என்று என் கணவர் வாதாடினார். நாற்பது நிமிடம் நின்ற மனைவியிடம் எடுத்து வைக்கிற வாதமா இது? நின்றிருப்பார்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் என்னைப் போலவே ஒரு நேரத்தில் ஒரே வரிசையில் நின்றிருப்பார்கள். இப்போது பூங்காவின் ஃபோன் ஆப்பில் ஒரு ரைடுக்கு நேரம் போட்டு வைத்துவிட்டு, அதுவரை சும்மா இருக்காமல் இன்னொரு ரைடின் சாதாரண வரிசையில் வந்து எனக்கு முன்னால் நிற்கிறார்கள். ஆள் ஒன்று, வரிசை இரண்டு. இதில் எனக்கு எப்படி இடம் கிடைக்கும்?

இந்த வியாபாரம் வளர்ந்த கதையைப் படித்தால் இன்னும் எரிகிறது. கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் 1955 ஜூலை 17 அன்று திறந்தது. அப்போதெல்லாம் ரைடுகளுக்குத் தனித்தனிக் கூப்பன். சின்ன ரைடுக்கு ஏ கூப்பன், பின்னாளில் பெரிய ரைடுக்கு ஈ கூப்பன் வரை வந்தது. 1982 இல் அந்தக் கூப்பன் புத்தகத்தை நிறுத்திவிட்டு, ஒரே சீட்டில் எதில் வேண்டுமானாலும் ஏறலாம் என்றார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எதில் வேண்டுமானாலும் எல்லோரும் ஏறலாம் என்றால் எல்லோரும் எங்கே நிற்பார்கள்? 1999 இல் டிஸ்னியே வரிசையை முந்திப் போக ஃபாஸ்ட்பாஸ் என்று ஒரு சீட்டைக் கொண்டுவந்தது, இலவசமாக. 2021 இல் அதை எடுத்துவிட்டு, முந்திப் போவதற்குக் கட்டணம் என்று ஆக்கியது. நாங்கள் போனது வேறு பூங்கா, பெயர் வேண்டாம். ஆனால் பாடம் எல்லோரும் ஒரே இடத்தில்தான் படித்திருக்கிறார்கள். முதலில் ரைடை விற்றார்கள், பிறகு நாளை விற்றார்கள், இப்போது நிமிடத்தை விற்கிறார்கள்.

ஒரு அசிங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் நாள் நானும் வாங்கினேன். கால் தாங்கவில்லை. அந்தப் பாதையில் நடந்தபோது, பக்கத்து வரிசையில் தூங்குகிற குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்தாள். முந்தின நாள் நான் பார்த்த அதே பார்வை. நான் கைப்பையில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டே போய்விட்டேன். அதிலும் ஒரு கூத்து: அந்தப் பாஸ் சில ரைடுகளுக்கு மட்டும்தான், அதுவும் ஒவ்வொன்றிலும் ஒரு தடவைதான். மகள் மிகவும் ஆசைப்பட்ட ரைடு அதில் சேர்த்தியில்லையாம்.

ஆப்பைப் பற்றி ஒரே வார்த்தை. "20 நிமிடம்" என்று காட்டும். நாம் பூங்காவின் அந்தக் கோடிக்கு ஓடுவோம். ஆப் வைத்திருக்கிற எல்லோரும் ஓடி வந்திருப்பார்கள். போய்ச் சேரும்போது 55. மதியம் இரண்டு மணிக்கு ஃபோனில் சார்ஜ் தீர்ந்துவிடும். அப்புறம் சுவரோரமாக உட்கார்ந்து பிளக்கைக் காவல் காக்க வேண்டும். நல்ல விடுமுறை!

இத்தனையும் பொறுத்துக்கொள்ளலாம், குடும்பமாகச் சேர்ந்திருந்தால். விளம்பரத்தில் அப்படித்தான் காட்டுகிறார்கள். அப்பா, அம்மா, பாட்டி, பிள்ளைகள், எல்லோரும் ஒரே வண்டியில் கையைத் தூக்கிக் கத்துகிறார்கள். யார் அந்தக் குடும்பம்? எனக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் மகளுக்குப் பெரிய ரைடு வேண்டும். மகனுக்கு ஆறு வயது, அவனுக்கு உயரம் போதாது. அத்தைக்கு முழங்கால் வலி. ஆக, நானும் மகளும் ஏறினால் என் கணவர் மகனோடு வெளியே நிற்பார். நாங்கள் இறங்கி வந்ததும் அவர் ஏறுவார், நான் வெளியே நிற்பேன். இதற்கு ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள், இரண்டாவது ஆள் முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டாம் என்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நான்கு நாளில் நானும் என் கணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஏறியது ஒரே ஒரு ரைடு. அது பார்க்கிங்கிலிருந்து வாசலுக்கு வருகிற வண்டி.

வால்ட் டிஸ்னிக்கு இந்த எண்ணமே எங்கே வந்தது தெரியுமா? லாஸ் ஏஞ்சல்ஸில் கிரிஃபித் பார்க் ராட்டினத்தில் தன் மகள்கள் சுற்ற, தான் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது என்று அவரே சொல்லியிருக்கிறார். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து களிக்க ஓர் இடம் வேண்டும் என்று தோன்றியதாம். தோன்றியது நியாயம்தான். அதற்கு அப்புறம் எத்தனை பூங்கா வந்துவிட்டது, எத்தனை கோடி கொட்டிவிட்டார்கள். நாங்கள் இன்னும் அந்தப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறோம். வித்தியாசம் என்னவென்றால், இப்போது பெஞ்சில் உட்காரவும் முழு டிக்கெட் எடுக்க வேண்டும். என் அத்தைக்கு எடுத்தோமே! நான்கு நாளும் நிழல் பார்த்து உட்கார்ந்து எங்கள் பைகளுக்குக் காவல் இருந்தார். கடைசி நாள் "எப்படி இருந்தது அத்தை?" என்று கேட்டேன். "ரொம்ப நல்லாயிருந்ததும்மா. உட்கார்ந்தே இருந்தேன்" என்றார். ஐந்து பேரில் போட்ட காசுக்குப் பலன் கண்டவர் அவர் ஒருவர்தான்.

ரைடை விட்டு இறங்கினால் நேராகக் கடைக்குள் விழுவது, நம் முகம் கோணிப்போன படத்தை நமக்கே விற்பது, இதையெல்லாம் எழுதப் போனால் இன்னொரு நாள் வேண்டும். விடுங்கள்.

ஆனால் அந்த உயரக் குச்சியை விட மாட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு நடுத்தர ரைடு. 112 சென்டிமீட்டர் வேண்டும். மகன் அதற்குச் சரியாக இருந்தான். கிளம்புகிற அன்று காலையில் வீட்டுச் சுவரில் அளந்து, அட்டவணையில் பச்சை நிறம் போட்டு வைத்திருந்தேன். வரிசை நுழைவில் நின்றவர் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே விட்டார். 70 நிமிடம் நின்றோம். வண்டி எங்கள் முன்னால் வந்து நின்றது. அங்கே இன்னொரு குச்சி. நிமிர்ந்து நின்றான், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு. ஒரு விரல் கனம் குறைந்தது. குதிகாலைத் தூக்கினான். அந்தப் பெண் அவன் தோளை மெதுவாக அழுத்தி இறக்கினாள். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, கம்பி அவன் உடம்பைச் சரியாகப் பிடிக்க வேண்டும் என்பதற்குத்தானே அந்த அளவு. அவன் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. "நான் நேற்று வந்திருந்தால் சரியாக இருந்திருப்பேனா அம்மா?" என்று கேட்டான்.

குழந்தை உளறுகிறான் என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து தேடினால், அவன் கேட்டதில் பாதி சரி. முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கிற வட்டுகள் நாம் நிற்க நிற்க, நடக்க நடக்க அமுங்கும். காலையில் எழும்போது இருக்கிற உயரம் சாயங்காலம் இருக்காது, ஒரு சென்டிமீட்டர் அளவுக்குக்கூட இறங்கும். படுத்துத் தூங்கினால் திரும்பி வந்துவிடும்.

இன்று காலை அவன் படுக்கையை விட்டு இறங்கிய கையோடு சுவரில் நிறுத்தி, தலையில் புத்தகம் வைத்து அளந்தேன். நூற்றுப் பன்னிரண்டு. மயிரிழை கூடவே இருக்கிறது. பிள்ளையை நாள் முழுக்க நிற்கவைத்துக் குள்ளமாக்கிவிட்டு, உயரம் போதாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள்!