இத்தாலிக்குப் புட்டுக் கட்டிக்கொண்டு போகாதீர்கள்

சுவிசிலிருந்து இத்தாலிக்கு இறங்கும் எங்கள் தமிழ் ஆட்களின் காரில் ரைஸ் குக்கர் கட்டாயம் இருக்கும். புட்டு, இடிச்ச சம்பல், பருத்தித்துறை வடை எல்லாம் இருக்கும். நாங்களும் பல வருடம் அப்படித்தான் போனோம். ரோமிலும் வெனிசிலும் அவசரமாகச் சுற்றிவிட்டு, அறைக்குத் திரும்பிச் சோறு வைத்துச் சாப்பிட்டோம். பிள்ளைகளுக்கு மட்டும் பீட்சா. இந்தக் கோடையில் இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலேர்மோ நகரில் ஒரு நாள் முழுக்க நடந்து, நடந்த இடமெல்லாம் சாப்பிட்ட பிறகு, அந்த வருடங்களில் எவ்வளவைத் தவறவிட்டோம் என்று மனம் அடித்துக்கொள்கிறது.

அம்மாவுக்கு 73 வயது. முழங்கால் நோ. மச்சம் சாப்பிடமாட்டா. "எனக்கு அங்க என்ன கிடக்கு, நான் பாணும் தேத்தண்ணியும் குடிச்சுக்கொண்டு இருக்கிறன்" என்றுதான் வெளிக்கிட்டா. பலேர்மோவில் நெடுங்காலம் இருக்கிற என் மச்சாள் முதல்நாள் இரவே சொல்லிவிட்டா: "காலமை ஒண்டும் சாப்பிடாமல் வாங்கோ."

கூட்டிக்கொண்டு போனது பல்லரோ சந்தைக்கு. வியாபாரிகள் ராகம் இழுத்துக் கூவி விற்கிறார்கள். ஒரு பக்கம் வாள்மீன் தலை, ஒரு பக்கம் உருண்டைக் கத்தரிக்காய், மலைபோல் எலுமிச்சை. அங்கே ஒரு தள்ளுவண்டியில் பனெல்லே பொரித்துக்கொண்டிருந்தார்கள். கடலை மாவைத் தண்ணீரில் களிபோலக் கிண்டி, பார்சிலி இலை போட்டு, மெல்லியதாகப் பரப்பி ஆறவிட்டு, வெட்டி எண்ணெயில் போடுகிறார்கள். எள்ளுத் தூவிய பாணுக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்து கையில் தந்தார்கள். அம்மா ஒரு கடி கடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தா. "இது எங்கட கடலை மா தானே பிள்ளை!" இரண்டாவதையும் அவவே கேட்டு வாங்கினா.

பிறகு கப்பொனாத்தா. கத்தரிக்காயைப் பொரித்து, ஒலிவ், செலரி, கேப்பர் மொட்டு, தக்காளி சேர்த்து, வினாகிரியும் சீனியும் விட்டுப் புளிப்பும் இனிப்புமாக ஆக்கியது. கத்தரிக்காய் மோஜு சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அதை யாரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை.

மச்சம் சாப்பிடாதவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். அரன்சீனா என்ற சோற்று உருண்டையில் "பட்டர்" என்று விற்பதற்குள்ளும் பன்றி இறைச்சித் துண்டு இருக்கும். கீரை வைத்ததைக் கேட்டு வாங்குங்கள். ஸ்பிஞ்சோனே என்ற தடித்த பாணில் நெத்தலி மாதிரி உப்பு மீன் கிடக்கும். "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷ்ஷே", இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்று சொன்னால் போதும், முகம் சுளிக்காமல் காட்டித் தருவார்கள். மண்ணீரலை அவித்துப் பன்றிக் கொழுப்பில் வதக்கிப் பாணுக்குள் வைத்த சாப்பாடும் உண்டு. என் கணவர் அதைத்தான் சாப்பிட்டார், சுவைத்தே சாப்பிட்டார்.

சந்தையிலிருந்து நடக்கக்கூடிய தூரத்தில் நோர்மன் அரண்மனை. அதற்குள் இருக்கும் பலத்தீனா சிற்றாலயத்தை நோர்மன் மன்னன் இரண்டாம் ரொஜர் 12ஆம் நூற்றாண்டில் கட்டுவித்தான். சுவரெல்லாம் பைசாந்தியப் பாணியில் பொன் மொசைக். அண்ணாந்து பார்த்தால் தேன்கூடு மாதிரிச் செதுக்கிய மரக்கூரை, அரபுக் கலைஞர்களின் கைவேலை. 831 முதல் 1072 வரை அந்த நகரம் முஸ்லிம்களின் ஆட்சியில் இருந்தது. பிரான்சின் வடக்கிலிருந்து வந்து அதைப் பிடித்த நோர்மன்கள் அந்தக் கைகளைத் துரத்தாமல் தங்கள் கோயிலுக்கே வேலை வாங்கியிருக்கிறார்கள். எலுமிச்சையையும் கரும்பையும் சிசிலியில் பரப்பியதும் அந்த அரபுக் காலம்தான். காலையில் பனெல்லேயில் பிழிந்த புளிப்பும் கப்பொனாத்தாவில் இருந்த இனிப்பும் எங்கிருந்து வந்தன என்று மகளுக்கு அங்கே வைத்துச் சொன்னேன். வாயில் ருசி இருக்கும்போது சொன்னதால் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். வேறு ஊர்களில் இதே பிள்ளை போனைத்தான் பார்த்தாள்.

பக்கத்தில் பெரிய தேவாலயம் இருக்கும் மொன்றியாலே ஊருக்குப் போகவில்லை. நிலக்கீழ்க் கல்லறைகளும் பார்க்கவில்லை. "அவ்வளவு தூரம் போய் அதைப் பார்க்கவில்லையா" என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். வயதானவரையும் சின்னப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஒரு நாளில் எட்டு இடம் ஓடுவது அவர்களுக்குச் செய்யும் கொடுமை என்பது என் உறுதியான எண்ணம். மத்தியான வெயிலில் நிழலில் குந்தியிருந்து, பாதாம் கிரனீத்தா என்ற ஐஸ் இனிப்பில் பிரியோஷ் பணிஸைத் தோய்த்துச் சாப்பிட்டோம். அந்த ஒரு மணித்தியாலத்தை எந்த அரண்மனைக்கும் கொடுக்கமாட்டேன்.

பின்னேரம் பெல்லெக்ரீனோ மலைக்கு பஸ் எடுத்தோம். 1624இல் கொள்ளைநோய் வந்தபோது நகரைக் காத்தவர் என்று பலேர்மோ மக்கள் நம்பும் புனித ரொசாலியாவின் குகைக்கோயில் அங்கே இருக்கிறது. பலேர்மோத் தமிழர்கள், கத்தோலிக்கரும் சைவரும், அந்தத் தாயிடம் நேர்த்தி வைத்துப் போய் வருகிறார்கள். பாறையிலிருந்து சொட்டும் நீரைத் தகரப் பீலிகள் ஏந்தி ஓரமாகக் கொண்டுபோகின்றன. கண்ணாடிக்குள் பொன்னாடை போர்த்திய ரொசாலியா சிலையாகப் படுத்திருக்கிறா. அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டப் போனா. பாறையைத் தொட்டு ஈரத்தை நெற்றியில் வைத்துக்கொண்டு கனநேரம் நின்றா. நாங்கள் கூப்பிடவில்லை.

இறங்கும்போது பஸ்ஸில் என்னிடம் கேட்டா: "கடலை மாவுக்குத் தண்ணி எவ்வளவு விடுகினமாம், மச்சாளிட்டைக் கேட்டனியோ?"