பூ போட்ட பீரும் கல்பாசியும்

சித்திரை வெயில் இறங்கின பிறகு மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்து, பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். தங்கை மகளுக்குக் காதுகுத்து முடிந்து இரண்டு நாள். விருந்தாளிகள் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். கிளாஸ்கோவிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை கீழே போய் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே துண்டில் சுற்றி நான்கு பாட்டில், ஒவ்வொன்றும் 500 மில்லி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் வரியில்லாமல் கொண்டுவரலாம் என்கிற 2 லிட்டர் அதோடு சரி.

"விஸ்கிதான் வாங்கப் போனேன் மச்சான். உங்க மூக்குக்காக இதை எடுத்துட்டு வந்தேன்" என்றார்.

காரைக்குடியில் 25 வருஷமாக மளிகையும் மசாலாச் சாமானும் விற்கிறேன். கல்பாசி, மராட்டி மொக்கு, அன்னாசிப்பூ, ஜாதிபத்திரி என்று நாள் முழுக்க வாசத்துக்கு நடுவில்தான் பிழைப்பு. அதைத்தான் மூக்கு என்று சொன்னார்.

பீரின் பெயர் ஃப்ராக். ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் ஹெதர் செடிக்கு அதுதான் பெயராம். அங்கே மலைச்சரிவெல்லாம் ஊதாவாகப் பூத்துக் கிடக்கும் குட்டைச் செடி. அந்தப் பூவையும், ஸ்வீட் கேல் என்கிற சதுப்பு நிலத்துச் செடியின் இலையையும் போட்டுக் காய்ச்சுகிறார்கள். ஆல்கஹால் 5 சதவீதம். ஆலோவா என்ற சின்ன ஊரில் வில்லியம்ஸ் பிரதர்ஸ் என்பவர்கள் செய்கிறார்கள்.

நான் எவர்சில்வர் டம்ளரை எடுத்தேன். மாப்பிள்ளை கண்ணாடி டம்ளர் கேட்டார். ஊற்றியதும் ஏன் கேட்டார் என்று புரிந்தது. வெல்லப்பாகை நிறையத் தண்ணீர் விட்டு இளக்கினால் வருமே, அந்த நிறம். முதலில் வந்தது தேன் வாசம். ஆனால் வாயில் தேனின் இனிப்பு இல்லை, வறுத்த தானியத்தின் லேசான இனிப்புதான். அதற்குப் பின்னால், விழுங்கின பிறகு, பிரிஞ்சி இலையைக் கசக்கினால் வருகிற மாதிரி, கொஞ்சம் கற்பூரமும் கலந்த மாதிரி, தொண்டையில் ஒரு பச்சிலைக் கசப்பு நின்றது. ஒரு நிமிஷம் இருந்திருக்கும். நான் பேசவில்லை. கல்பாசி போட்ட குழம்பு சாப்பிட்டு முடித்த பிறகு வாயில் ஒன்று மிஞ்சுமே, அது மாதிரி இருந்தது.

இதற்கு முன்னால் ஒரு தடவை பூ போட்ட பீர் குடித்திருக்கிறேன். பெங்களூரில், அங்கேயே காய்ச்சிக் கொடுக்கிற ஒரு இடத்தில். செம்பருத்தி, ஏலக்காய், ரோஜா இதழ் எல்லாம் போட்டது என்று பெருமையாகக் கொண்டுவந்து வைத்தார்கள். நிறம் அழகாக இருந்தது. வாயில் வைத்தால் ஊதுபத்தி. ஏலக்காயும் ரோஜாவும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. தானியத்தின் ருசி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. பாதி டம்ளரோடு வைத்துவிட்டேன். பூவும் மூலிகையும் பீருக்கு ஒத்துவராது என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தப்பு பூவில் இல்லை, போட்ட அளவிலும் நேரத்திலும்தான் என்று இந்தப் பாட்டில் சொல்லிக்கொடுத்தது. ஃப்ராக் காய்ச்சுகிறவர்கள் ஹெதரை இரண்டு தடவை போடுகிறார்கள். மால்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, ஊறவைத்து இறக்கிய சாறு கொதிக்கும்போது ஸ்வீட் கேலும் ஹெதரும் போகிறது. அது கசப்புக்கும் கட்டுக்கும். அப்புறம் கொதி அடங்கி, சூடு கொஞ்சம் இறங்கினதும், புதுப் பூ நிரப்பி வைத்திருக்கும் தொட்டியில் அந்தச் சாற்றை ஊற்றி ஒரு மணி நேரம் ஊறவிடுகிறார்கள். இது வாசத்துக்கு. அதன் பிறகுதான் நொதிக்கவிடுவது. இதை மாப்பிள்ளை சொன்னபோது எனக்கு நம் ரசம்தான் ஞாபகம் வந்தது. மிளகும் சீரகமும் உள்ளே வேகும், நுரை கட்டியதும் இறக்கிவிட வேண்டும், மல்லித்தழை இறக்கின பிறகுதான். தழையைக் கொதியில் போட்டால் வாசம் ஆவியோடு போய்விடும் என்று நம் வீட்டில் சின்னப் பெண்ணுக்கும் தெரியும்.

கல்பாசியும் அப்படித்தான். சும்மா மோந்தால் காய்ந்த மரப்பட்டை மாதிரி இருக்கும். சூடான எண்ணெயில் விழுந்தால்தான் விழித்துக்கொள்ளும். ஒரு சட்டிக் குழம்புக்கு நாலு இதழ் போதும். பத்துப் போட்டால் குழம்பு கசந்துபோகும். இன்றைக்கு ஊர் ஊராக செட்டிநாடு என்று பலகை மாட்டி, மிளகாயைக் கொட்டி, கண்ணில் தண்ணீர் வர வைத்து அனுப்புகிறார்கள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் ஊர்ச் சமையலின் உயிர் காரத்தில் இல்லை, எதை எப்போது எவ்வளவு போடுவது என்கிற கணக்கில் இருக்கிறது. அந்தக் கணக்கை ஸ்காட்லாந்துக்காரர்கள் காய்ச்சிய ஒரு பீரில் பார்த்தபோது, நெருங்கிய சொந்தத்தைப் பார்த்த சந்தோஷம் வந்தது.

பூ போட்ட பீரா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஒரு விஷயம். நாம் கடையில் பார்க்கிற சாதாரண பீரும் பூ போட்டதுதான். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பெண்பூ. கசப்பும் வாசமும் அதிலிருந்துதான் வருகின்றன, சீக்கிரம் கெடாமல் காப்பதும் அதுதான். ஆனால் ஐரோப்பாவில் ஹாப்ஸ் பரவுவதற்கு முன்னால் பல இடங்களில் க்ரூட் என்ற மூலிகைக் கலவைதான் பீருக்குப் போனது. ஸ்வீட் கேல், 'யாரோ' (yarrow) என்கிற மூலிகை மாதிரியான செடிகள். அந்தக் கலவையை விற்கும் உரிமையே பிரபுக்களுக்கும் பிஷப்புகளுக்கும் வருமானமாக இருந்திருக்கிறது. ஹாப்ஸ் போட்ட பீர் அதிக நாள் தாங்கும், தூரத்துக்கு அனுப்பலாம். அதனால் மெல்ல மெல்ல அது ஜெயித்தது. 1516-இல் பவேரியாவில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதையும் பீரில் சேர்க்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். எத்தனை ஊர்களின் செடியும் பூவும் குவளையிலிருந்து காணாமல் போயிருக்கும்!

நமக்கு மட்டும் இது புதுசா என்ன? பெரும்பாணாற்றுப்படையில் ஒரு இடம் வருகிறது. அரிசிக் கூழைத் துழாவி ஆறவைத்து, முளைவிட்ட நெல்லை இடித்துச் சேர்த்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்த கள். முளைகட்டிய தானியத்தைக் கொண்டு மாவுச்சத்தை இனிப்பாக்கி நொதிக்கவிடுவது என்றால், அது பீர் காய்ச்சுகிற முறையேதான்.

மறுநாள் காலையில் அப்பத்தா காலி பாட்டிலைக் கழுவ எடுத்தது. விளக்கெண்ணெய் ஊற்றிவைக்க ஆகும் என்று. கழுவும் முன் மோந்து பார்த்துவிட்டு, "என்னப்பா, கசாயம் வச்ச பாத்திரம் மாதிரி மணக்குது. பச்சிலை ஏதும் போட்டிருக்காகளா?" என்று கேட்டது. எனக்குச் சிலிர்த்துவிட்டது. இந்த வீட்டில் ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் தசமூலாரிஷ்டம் வாங்கிக் கொடுத்த கை அது. அரிஷ்டத்தை நொதிக்கவைப்பதற்கு தாதகிப் பூவைப் போடுவார்கள், தானாக உண்டாகிற ஆல்கஹாலும் அதில் கொஞ்சம் இருக்கும். பூவும் வேரும் புளித்த வாசம் அப்பத்தாவுக்குப் பழகின வாசம்.

குடியால் அழிந்த குடும்பங்களை எங்கள் தெருவிலேயே பார்த்தவன் நான். குடிக்காதவரைக் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. ஆனால் குடிக்கிறவர்களிடம் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. கடையில் போய் நின்றால் கேட்கிற கேள்வி இரண்டுதான். ஸ்ட்ராங்கா? கூலிங்கா? ருசியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பல் கூசுகிற அளவுக்குச் சில்லென்று இருந்தால் வாசம் மேலே எழும்பாது, நாக்கும் மரத்துப்போகும். நாங்கள் அன்றைக்குப் பாட்டிலை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டுத்தான் திறந்தோம். நான்கு பேர், இரண்டு பாட்டில், ராத்திரி பத்து மணி வரை பேச்சு. யாருக்கும் தலை சுற்றவில்லை. குழம்பில் உப்பு அரைக்கல் கூடினால் இலையைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிற ஊர்க்காரர்கள் நாம். டம்ளரில் இருப்பதற்கு மட்டும் ஏன் அந்த நாக்கை மூடி வைத்துவிடுகிறோம்?

எனக்கு ஒரு ஆசை இருக்கிறது. காரைக்குடியைச் சுற்றி எந்தப் பொட்டல் காட்டுக்குப் போனாலும் ஆவாரை மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிறது. லேசான துவர்ப்பு, காயவைத்தால் தேயிலை மாதிரி ஒரு வாசம். நன்னாரி வேர் இருக்கிறது, வெட்டிவேர் இருக்கிறது. வறண்ட மண்ணில் பிழைத்த செடிக்கு வாசம் உள்ளே இறுகி இருக்கும் என்பது என் கடை அனுபவம். ஹெதரும் வளமில்லாத மண்ணில் வளர்கிற செடிதான் என்று மாப்பிள்ளை சொன்னார். யாராவது நிதானம் தெரிந்தவர் கையில் இவை போய்ச் சேர வேண்டும். கரம் மசாலாவைக் கொட்டி செட்டிநாடு பீர் என்று பெயர் வைக்கிறவர் கையில் போய்விடக் கூடாது.

மாப்பிள்ளையின் கிளாஸ்கோ நண்பர் ஒருவர் வீட்டிலேயே பீர் காய்ச்சுகிறவராம். சொந்த உபயோகத்துக்கு என்றால் அங்கே 1963-இலிருந்து அதற்கு உரிமம் தேவையில்லை. ஊருக்குக் கிளம்பும்போது கால் கிலோ காய்ந்த ஆவாரம்பூவும், ஒரு பிடி நன்னாரி வேரும் கட்டிக் கொடுத்தேன். வேர்ப் பொட்டலத்தின் மேல் "கொதிக்கும்போது, கொஞ்சமாக" என்று எழுதினேன். பூப் பொட்டலத்தின் மேல் "அடுப்பை அணைத்த பிறகு" என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன்.