அது எப்போ செத்தது?

போன ஞாயிறு ஒரு பிறந்தநாள் விருந்தில் ஒரு தம்பி என்னைப் பிடித்துக்கொண்டான். "அண்ணை, ஒலிவியா டீன் கேட்டனீங்களோ? இங்கத்தையச் சின்னப் பிள்ளையள் சோல் மியூசிக்கைத் திரும்ப உயிர்ப்பிச்சிட்டாங்கள்." அந்த லண்டன் பாடகியைக் கேட்டனான், வடிவாகக் கேட்டனான். ஒரு கையில் ரோல்ஸ், மற்றக் கையில் ரீ கப். சண்டை பிடிக்க வசதி இல்லை. அதனால் இங்கே பிடிக்கிறேன்.

எனக்குக் கடிப்பது அந்தத் "திரும்ப" என்ற சொல். சோல் என்றால் அமெரிக்கக் கறுப்பினச் சேர்ச் பாட்டிலிருந்து பிறந்த இசை. செத்தால்தானே திரும்ப உயிர்ப்பிக்கிறது?

2008இல் நான் தென் லண்டனில் ஒரு பெற்றோல் ஷெட்டில் இரவு வேலை. பத்து மணிக்குப் போனால் விடிய ஆறு மணி. கண்ணாடிக்குப் பின்னால் நான், சிகரெட் அலுமாரி, ஒரு ரேடியோ. அந்த வருஷம் டஃபியின் 'மெர்சி' பாட்டு எத்தனை தரம் போனது என்று எண்ணி வைத்திருந்தால் ஓவர்டைம் கேட்டிருக்கலாம். வேல்ஸில் ஒரு கடற்கரைச் சிற்றூரில் வளர்ந்த பிள்ளை, அறுபதுகளின் அமெரிக்கக் குரலில் பாடி விற்பனைப் பட்டியலில் முதலாமிடத்தில் இருந்தது. அடேலின் முதல் இசைத்தட்டு அந்த ஜனவரியில்தான் வந்தது. பெப்ரவரியில் ஏமி வைன்ஹவுஸுக்கு ஒரே இரவில் ஐந்து கிராமி விருது. அமெரிக்க விசா நேரத்துக்குக் கிடைக்காததால் லண்டனில் நின்றபடியே செய்மதி வழியாகப் பாடினார். விசாவுக்கு அலைந்த எங்களுக்கு அதில் ஒரு தனி ஆறுதல் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பத்திரிகைகள் எல்லாம் அப்போதும் இதைத்தான் எழுதின: சோல் திரும்பி வந்துவிட்டது. கிட்டத்தட்ட இருபது வருஷம் போய்விட்டது, இன்னும் திரும்பி வந்துகொண்டே இருக்கிறது.

விடிய நாலே முக்காலுக்கு ஒரு பஸ் டிரைவர் அம்மா வருவா. ஜமேக்காவில் பிறந்தவ, அப்போதே அறுபதுக்குக் கிட்ட. ஒரு இஞ்சி பியர், ஒரு சுரண்டல் லொத்தர் சீட்டு, வேறொன்றும் வாங்கமாட்டா. கவுன்டரிலேயே சீட்டை வைத்து இரண்டு பென்ஸ் குத்தியால் சுரண்டுவா. சுரண்டிக்கொண்டே ரேடியோவில் போகிற பாட்டோடு பாடுவா. ஆனால் அந்தப் பாட்டையல்ல, அதற்குச் சற்றுக் கீழே ஓடுகிற இன்னொரு வழியை. பாட்டை விட்டு விலகாது, பாட்டோடு முட்டாது. எனக்கு அந்த நேரத்துக் கண்ணெரிச்சல் எல்லாம் அந்த இரண்டு நிமிஷத்துக்குப் போய்விடும். ஒரு நாள் 'மெர்சி' போகும்போது சொன்னா: "நல்லாத்தான் பாடுது பிள்ளை. எங்கட சேர்ச்சில இப்பிடி ஏழு பேர் இருக்கினம், டார்லிங். ரேடியோக்காரருக்கு எங்கட வாசல் தெரியாது போல." சீட்டில் ஒன்றும் விழவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டா.

ஒரு ஞாயிறு வேலை முடிய நேரே அவவின் சேர்ச்சுக்குப் போனேன். கோபுரம், மணி ஒன்றும் இல்லை. கம்பளக் கடைக்கு மேலே ஒரு மண்டபம், பிளாஸ்டிக் கதிரைகள், மூலையில் ஓர்கன். டிரம் அடித்த பெடியனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். பாஸ்டர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே ஓர்கன் மெல்ல உள்ளே வரும். கதை எந்த இடத்தில் பாட்டானது என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. பள்ளிக்கூடச் சப்பாத்தோடு ஒரு பிள்ளை எழும்பி ஒரே ஒரு சொல்லை எடுத்து ஏழெட்டுச் சுரத்துக்கு இழுத்தாள். எங்கட ஆட்கள் பிருகா என்பார்களே, அதற்குக் கிட்ட வரும், ஆனால் அவசரமில்லாத பிருகா. அவள் விழப்போகிற இடத்தில் எல்லாம் பின்னால் நின்ற கூட்டம் கை கொடுத்தது. பிரசங்கத்தின்போது நான் நித்திரையாகிவிட்டேன். எழும்பினால் பக்கத்துக் கதிரையில் எனக்கென்று ஒரு தட்டுச் சோறும் கோழியும் மூடி வைத்திருந்தார்கள்.

சோல் என்று உலகம் சொல்கிற சாமான் பிறந்தது அமெரிக்காவில், இப்படியான மண்டபங்களில். 1954இல் ரே சார்ல்ஸ் ஒரு சேர்ச் பாட்டின் உடம்பை அப்படியே வைத்துக்கொண்டு சொற்களை மட்டும் மாற்றி ஒரு பெண்ணைப் பற்றிப் பாடினார். கடவுளுக்குரியதைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோய்விட்டான் என்று சேர்ச் ஆட்களுக்குக் கோபம். எங்கட பக்கம் ஆண்டாள் காதலைத் தூக்கிக்கொண்டு கடவுளிடம் போனார். இவர்கள் கடவுளுக்குப் பாடினதைத் தூக்கிக்கொண்டு காதலியிடம் வந்தார்கள். பாதை ஒன்று, திசைதான் வேறு.

பிரிட்டனுக்கு அது எப்படி வந்தது என்பதில் இரண்டு கதை இருக்கிறது. முதலாவதை எல்லாரும் ஆசையோடு சொல்வார்கள், நானும் சொல்வேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்ல கதை. எழுபதுகளில் வட இங்கிலாந்தின் தொழிற்சாலை ஊர்களில் வெள்ளைக்காரப் பெடியங்கள், பெட்டைகள் சனி இரவு பஸ் பிடித்து விகன் என்ற ஊருக்குப் போவார்கள். விகன் கசினோ என்று ஒரு பழைய நடன மண்டபம். 1973இலிருந்து 1981வரை அங்கே இரவிரவாக ஆட்டம், குடிக்கச் சாராயம் இல்லை, கால் வழுக்க நிலத்தில் பவுடர் தூவுவார்கள். போட்டதெல்லாம் அமெரிக்காவிலேயே விலைபோகாத சோல் தட்டுகள். டெட்ராயிட்டில் எவனோ ஒருவன் பாடி, ஐந்நூறு பிரதி அடித்து, தோற்று, வேறு வேலைக்குப் போயிருப்பான். அந்தத் தட்டு இங்கே வேதம். நல்ல தட்டு கிடைத்தால் மற்ற டிஜேக்கள் கண்டுபிடிக்காமல் இருக்க நடுவில் இருக்கிற பெயர்ச்சீட்டின் மேல் வெற்றுத்தாள் ஒட்டி, இல்லாத பெயர் ஒன்றைச் சொல்லிப் போடுவார்கள். ஃபிராங்க் வில்சன் என்பவரின் 1965 தட்டு ஒன்று 2009இல் 25,000 பவுண்டுக்கு மேல் விலைபோனது. மோட்டவுன் என்ற அமெரிக்கப் பாட்டுக் கம்பெனி வெளியிடாமலே கைவிட்ட தட்டு அது.

இரண்டாவது கதையைச் சொல்கிறவர்கள் குறைவு. 1948இல் விண்ட்ரஷ் கப்பல் வந்த நாளிலிருந்து கரிபியன் சனங்கள் இங்கே வந்து இறங்கினார்கள். கிறிஸ்தவர்கள்தானே என்று ஞாயிற்றுக்கிழமை பக்கத்துச் சேர்ச்சுக்குப் போனால் பல இடங்களில் முகம் கொடுக்கவில்லை. வீட்டு முன்னறையில், வாடகை மண்டபத்தில் தாங்களே சேர்ச் தொடங்கினார்கள். அங்கே ஒவ்வொரு கிழமையும் பிள்ளைகள் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள். தென் லண்டன் சேர்ச்சில் வளர்ந்த மீக்கா பாரிஸின் முதல் தட்டு 1988. அடுத்த வருஷம் சோல் டு சோல் என்ற குழு பிரிட்டனில் முதலாமிடம். பிறகு ஓமார். 1995இலிருந்து பெவர்லி நைட். இதில் எந்த வருஷம் செத்தது, எனக்கு யாராவது திகதி சொல்லுங்கோ, திவசம் செய்துவிடலாம்.

கடலுக்கு அப்பால் இருக்கிற கறுப்புக் குரலுக்கு 25,000 பவுண்ட். பக்கத்துத் தெருக் கறுப்புக் குரலுக்கு ரேடியோவில் இரண்டு நிமிஷம் இல்லை. இரண்டும் ஒரே நாடு.

2008இல் இதை வாய்விட்டுக் கேட்டது எஸ்டெல். அப்போது அவரே முதலாமிடத்துப் பாட்டோடு இருந்த கறுப்பு லண்டன் பாடகி. சோல், சோல் என்று எழுதுகிறீர்களே, அந்தப் பக்கத்தில் ஒரு கறுப்பு முகம்கூட இல்லையே என்று கேட்டார். அடேல் பாடுவது சோலே இல்லை என்றும் சொல்லிவிட்டார். பொறாமை என்று பாய்ந்தார்கள். அடேல் விஷயத்தில் நான் எஸ்டெல் பக்கம். அடேல் பெரிய பாடகி, சந்தேகமே இல்லை, ஆனால் அவர் பாடுவது பெரிய தொண்டையில் சோகப் பாட்டு. அதற்கு வேறு பெயர் இருக்கிறது. கீழே அடிக்க வருகிறவர்கள் வரிசையில் வாங்கோ.

ஆனால் ஏமியை விட்டுக்கொடுக்கமாட்டேன். இதில் நான் நடுநிலை இல்லை.

'பேக் டு பிளாக்' தட்டின் தலைப்புப் பாட்டை ஒருக்கா ஹெட்ஃபோனில் கேளுங்கோ. பாதி தாண்டினதும் வாத்தியம் எல்லாம் ஒதுங்கி நிற்கும், அந்த ஒரு நிறத்தின் பெயரை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுவார். நாடகம் போடவில்லை, அழவில்லை. செத்தவீட்டில் மூன்றாம் நாள் அழுது முடித்த ஆள் கதைப்பது போலச் சொல்லுவார். அந்தக் குரலை ஒருவரும் அவருக்குக் கடன் கொடுக்கவில்லை. எழுத்தும் அவருடையது. 27 வயதில், 2011 ஜூலையில் கெம்டனில் போய்ச் சேர்ந்தார். அன்றைக்கும் நான் இரவு வேலை.

கடன் வாங்கினது வாத்தியத்தை. அந்தத் தட்டில் தயாரிப்பாளர் மார்க் ரொன்சன் செய்த பாட்டுகளில் வாசித்தவர்கள் டாப் கிங்ஸ், நியூயோர்க் புருக்ளினில் ஒரு வீட்டுக்குள் ஸ்டூடியோ வைத்து, கணினியை நம்பாமல் ஒலிநாடாவில் பதிகிற கூட்டம். அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு பாடகி இருந்தார், ஷரன் ஜோன்ஸ். ரைக்கர்ஸ் தீவுச் சிறையில் காவலாளியாக வேலை செய்தவர். கட்டை, குண்டு, கறுப்பு, வயது போய்விட்டது என்று கம்பெனிக்காரர் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பினதாக அவரே பல தரம் சொல்லியிருக்கிறார். முதல் தட்டு வரும்போது நாற்பதைத் தாண்டிவிட்டார். 2007இல் அதே டாப் கிங்ஸ் ஏமிக்குப் பின்னால் அமெரிக்காவில் மேடை ஏறினார்கள். அந்த வருஷ ஒக்டோபரில் ஷரனின் '100 டேய்ஸ், 100 நைட்ஸ்' வந்தது. இரண்டு தட்டையும் அடுத்தடுத்துப் போட்டேன். அதே டிரம், அதே காய்ந்த சத்தம், அடிக்கும் கையைக்கூட அடையாளம் தெரியும். ஒன்று உலகம் முழுக்கப் போனது. மற்றதை வாங்க நான் மூன்று கடை ஏறி இறங்கினேன். ஏமி மேல் பிழை இல்லை, அவர் ஒருவரிடமும் பறிக்கவில்லை. ஆனால் கணக்கு என்றால் கணக்கு.

(ஜாஸ் ஸ்டோனை விட்டுவிட்டாய் என்று ஒருவர் வருவார். ரஹ்மான், மிக் ஜாகரோடு 2011இல் சூப்பர்ஹெவி என்று ஒரு குழுவில் பாடினாரே, அந்தப் பிள்ளைதான். பதினாறு வயதில் மயாமிக்குப் போய் பெட்டி ரைட் போன்ற பழைய ஆட்களோடு இருந்து முதல் தட்டைப் பாடியவர். யாரிடம் படித்தேன் என்பதை மறைக்காத பிள்ளை. எனக்கு மரியாதை உண்டு, அவ்வளவுதான்.)

சரி, இப்போதைய பிள்ளைகளுக்கு வருகிறேன். தம்பி சொன்னதில் ஒன்று சரி, ஏதோ மாறித்தான் இருக்கிறது. மைக்கல் கிவானுகா வடலண்டனில் வளர்ந்த உகாண்டாப் பெற்றோரின் பிள்ளை. 2019இல் தன் மூன்றாவது தட்டுக்கு 'கிவானுகா' என்று தன் குடும்பப் பெயரையே வைத்தார், அடுத்த வருஷம் அதற்குச் சிறந்த தட்டுக்கான மெர்குரிப் பரிசு. வேலைக்கு மனுப் போடும்போது பாலசுப்பிரமணியம் "பாலா" ஆகி, பிறகு "பால்" ஆனதைக் கண்ட ஆட்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை என்று விளங்கும்.

ரே (RAYE) என்ற பாடகியை எடுங்கோ. பிறந்தது டூட்டிங்கில், எங்கட அம்மன் கோயிலும் முருங்கைக்காயும் இருக்கிற அதே டூட்டிங். 2014இல் பள்ளி வயதில் பெரிய கம்பெனி ஒன்றோடு நாலு தட்டுக்கு ஒப்பந்தம். ஏழு வருஷம் ஒரு தட்டும் விடவில்லை. டான்ஸ் பாட்டுகளுக்குக் குரல் கொடுக்க விட்டார்கள், மற்றவர்களுக்கு எழுத விட்டார்கள், பியோன்சேக்குக்கூட எழுதினார். சொந்தத் தட்டு மட்டும் பொறு, பொறு. 2021 ஜூனில் எல்லாவற்றையும் வெளியில் போட்டு உடைத்துவிட்டு வெளியேறினார். 2023 பெப்ரவரியில் சொந்தமாக முதல் தட்டு. 2024 மார்ச்சில் பிரிட் இசை விருதில் ஒரே இரவில் ஆறு. அதற்கு முதல் ஒருவரும் ஒரே இரவில் நாலுக்கு மேல் எடுக்கவில்லை. பாட்டியையும் மேடைக்குக் கூட்டிக்கொண்டு வந்து நின்று விக்கி விக்கி அழுதார். அழுகையைப் பார்த்து எல்லாரும் உருகினார்கள். எனக்கு ஏழு வருஷம்தான் ஓடியது. கம்பெனிக்காரர் அந்த ஏழு வருஷமும் கேட்டுக்கொண்டிருந்தது இதே குரலைத்தானே.

அவராவது வென்றார். பர்மிங்ஹாமின் லோரா ம்வுலா மெர்குரிப் பட்டியலில் மூன்று தரம் வந்தவர். 2017இல் அவருடைய கம்பெனி ஒரு மின்னஞ்சலில் கையைக் கழுவிவிட்டது. அதே வருஷம் அவருடைய கடைசித் தட்டுக்குப் பாட்டு எழுதுகிறவர்களுக்கான 'ஐவர் நொவெல்லோ' விருது. அவர் கறுப்பிலும் கறுப்பு, முடியை ஒட்ட வெட்டியவர். இன்றைக்கு முன்வரிசையில் நிற்கும் ரே, ஒலிவியா டீன், ஜோர்ஜா ஸ்மித் மூவரும் கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகள், வெளிர் நிறம். பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாசலைத் திறக்கிறவர்கள் எவ்வளவு திறக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கிறேன். கலியாண விளம்பரத்தில் "வெள்ளை நிறம்" என்று போடுகிற எங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

தம்பி பெரிதாகச் சொன்ன ஒலிவியா டீன் எனக்கும் பிடிக்கும். கத்தமாட்டார். பாட்டைப் பிடித்து உலுக்காமல் பக்கத்தில் இருந்து கதைக்கிற மாதிரிப் பாடுவார். 2025 செப்டம்பரில் வந்த தட்டு நேரே முதலாமிடம். ஏமி கொஞ்சக் காலம், அடேல், ரே எல்லாரும் போன அதே பிரிட் ஸ்கூல்தான் இவரும். குரொய்டனில் 1991இல் தொடங்கிய, காசு கட்டத் தேவையில்லாத கலைப் பள்ளிக்கூடம். இத்தனை பேர் எங்கிருந்து வருகிறார்கள் என்று வியக்கிறவர்கள் அந்தக் காசு கட்டத் தேவையில்லாத பகுதியை ஒருக்கா யோசிக்கலாம்.

ஒலிவியாவின் 2023 தட்டில் 'கார்மென்' என்று ஒரு பாட்டு. கார்மென் அவருடைய அம்மம்மா. பதினெட்டு வயதில் கயானாவிலிருந்து இங்கே வந்தவர். விகன் கசினோவும் மோட்டவுன் தட்டும் அந்தப் பாட்டுக்கு வெளியில்தான் நிற்க வேணும். அது கம்பளக் கடைக்கு மேலே இருந்து வருகிற பாட்டு.

தம்பி, அதிலிருந்து தொடங்கு. முடிந்தால் விடிய ஐந்து மணி பஸ்ஸில் இருந்து கேள். மேல்தட்டு வேண்டாம், கீழே, டிரைவருக்குப் பின்னால் இருக்கிற சீட்டில்.