த்ராஷ்: கதிரை விட்டு முதுகுக்கு வந்த சொல்

ஆங்கிலத்தில் 'த்ராஷ்' என்றொரு வினைச்சொல் இருக்கிறது. அகராதியைத் திறந்தால் 'நையப்புடை, படுதோல்வி அடையச் செய்' என்று பொருள் கிடைக்கும். அதோடு மூடி வைத்துவிடலாம். ஆனால் அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்த பிறகு, 'நாலு சாத்து சாத்தினால்தான் திருந்துவான்' என்று யாராவது சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் இரண்டு மடங்காகிறது.

த்ராஷ் என்பதும் த்ரெஷ் என்பதும் ஒரே சொல்தான். த்ரெஷ் என்றால் கதிரடித்தல், போரடித்தல். ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்திலேயே அது உண்டு. இன்னும் பின்னால் போனால் அதன் வேரில் அடியே கிடையாது, மிதிதான். ஆளோ மாடோ கதிர்மேல் நடந்து மணியைப் பிரித்த காலத்துச் சொல் அது. கோல் வந்த பிறகு மிதி அடியாயிற்று.

அந்தக் கோலைச் சற்று அருகில் போய்ப் பார்க்க வேண்டும். கையில் பிடிக்க ஒரு நீளமான கழி. அதன் நுனியில் தோல்வாரால் கட்டித் தொங்கவிட்ட, குட்டையான, கனத்த இன்னொரு கழி. கைக்கழியைத் தலைக்கு மேல் சுழற்றி இறக்கினால், குட்டைக்கழி தரையில் பரப்பிய கதிர்மேல் முழுநீளத்துக்கும் படிய விழ வேண்டும். நுனி மட்டும் குத்தினால் மணி நசுங்கும். இருவர் மூவர் எதிரெதிரே நின்று அடிக்கும்போது முறை தவறாமல் மாற்றி மாற்றி இறக்க வேண்டும். தவறினால் பக்கத்திலிருப்பவர் மண்டை உடையும். கோபக்காரனுக்கு ஒத்துவராத வேலை. நிதானமும் தாளமும் இருந்தால்தான் அந்தி வரை தோள் தாங்கும்.

இப்படிப்பட்ட வேலைக்கான சொல்தான் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மனிதர் முதுகுக்கு வந்து சேர்ந்தது. பிறகு பாகப்பிரிவினை நடந்தது: கதிருக்கு த்ரெஷ், ஆளுக்கு த்ராஷ். ஜெர்மன்காரர்கள் பிரிக்கவே இல்லை. அவர்களுடைய 'ட்ரெஷன்' இன்றைக்கும் கதிரையும் அடிக்கிறது, ஆளையும் அடிக்கிறது.

இடையில் ஒன்று. வாசற்படியைக் குறிக்கும் 'த்ரெஷோல்ட்' என்ற சொல்லுக்கு ஒரு கதை பல ஆண்டுகளாகப் பகிரப்பட்டு வருகிறது: தரையில் பரப்பிய வைக்கோலுக்கு த்ரெஷ் என்று பெயராம், அது வெளியே சரியாமல் தடுத்த கட்டைதான் த்ரெஷோல்டாம். சுத்தக் கட்டுக்கதை. அந்தச் சொல்லின் முன்பாதி பழைய மிதிக்கும் பொருளைச் சார்ந்தது. வாசலில் மிதித்துத்தானே உள்ளே போகிறோம்? கதை அழகாக இருக்கிறது என்பதற்காகப் பகிர்கிறவர்கள் கொஞ்சம் அகராதியையும் புரட்டலாம்.

1786 வாக்கில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ மெய்க்கிள் கதிரடிக்கும் இயந்திரத்தைச் செய்தார். குளிர்காலத்தில் கூலியாட்களுக்கு இருந்த முக்கியமான வேலை கதிரடிப்புதான். அதன்மேலேயே இயந்திரம் கை வைத்தது. 1830இல் கென்ட் பகுதியில் தொடங்கி தென் இங்கிலாந்து எங்கும் ஆட்கள் திரண்டு அந்த இயந்திரங்களை உடைத்தார்கள். 'கேப்டன் ஸ்விங்' என்ற கற்பனைப் பெயரில் பண்ணையாருக்கு மிரட்டல் கடிதங்கள் போயின. முடிவில் 19 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், ஏறக்குறைய 500 பேர் ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்கள். கோல் கையை விட்டுப் போய்விட்டது. ஆளை அடிக்கும் சொல் மட்டும் வாயிலேயே தங்கிவிட்டது.

இனி என் ஆத்திரத்துக்கு வருகிறேன். ஆளை அடிப்பதற்கான சொற்களில் பாதி, ஏதோ ஒரு கௌரவமான தொழிலிலிருந்து இரவல் வாங்கியவை. ஆங்கிலத்தில் 'டேன்' என்றால் தோல் பதனிடுதல். அதுவும் அடியைக் குறிக்கும். தமிழ் மட்டும் யோக்கியமா? புடைப்பது முறத்தின் வேலை. வெளுத்து வாங்குவதும் துவைத்தெடுப்பதும் துணி வெளுப்பவரின் வேலை. பின்னியெடுப்பது கூடை முடைபவரின் வேலை. எல்லாவற்றிலும் முடிவில் உருப்படியாக ஒன்று கிடைக்கிறது: சுத்தமான அரிசி, வெள்ளைத் துணி, கூடை. அடிக்கிறவன் இந்தச் சொற்களைச் சும்மா எடுக்கவில்லை. தான் ஏதோ வேலை செய்வதாகவும், அடி வாங்குகிறவனிடமிருந்து பதர் போய் மணி உதிரப்போவதாகவும் அவனுக்கு நினைப்பு. ஆங்கிலத்தில் 'எ குட் த்ராஷிங்' என்பது சர்வசாதாரணமான வழக்கு. 'நல்ல' அடியாம்! அடிக்கு ஏது நல்லது?

இந்த நினைப்பைச் சட்டத்திலிருந்து பிடுங்கவே நெடுங்காலம் ஆயிற்று. பிரிட்டிஷ் ராணுவத்தில் சவுக்கடி 1881இல்தான் ஒழிந்தது. பிள்ளைகளை வீட்டிலும் அடிக்கக் கூடாது என்று முதலில் சட்டம் போட்ட நாடு சுவீடன், 1979இல். பிரிட்டனின் அரசுப் பள்ளிகளில் பிரம்பு 1987 வரை இருந்தது. இங்கிலாந்தின் தனியார் பள்ளிகளுக்கு 1999 வரை பொறுக்க வேண்டியிருந்தது. சிப்பாயின் முதுகுக்குக் கிடைத்த பாதுகாப்பு பள்ளிப் பிள்ளைக்குக் கிடைக்க நூறாண்டுக்கு மேல்!

விளையாட்டுப் பக்கங்களில் ஓர் அணி இன்னோர் அணியை த்ராஷ் செய்வதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. அங்கே யாருக்கும் வலிப்பதில்லை, தோற்றவருக்கு மானம் மட்டும் கொஞ்சம் போகும். 'த்ராஷ் அவுட்' என்ற வழக்கு இன்னும் நல்லது. ஒரு சிக்கலை உட்கார்ந்து பேசிப் பேசித் தீர்ப்பது. களத்தின் நியாயம் அதில் அப்படியே இருக்கிறது: பேச்சைப் போட்டு அடிக்கிறார்கள், முடிவு உதிர்கிறது. காய்ச்சலில் படுக்கையில் கை கால்களை உதறிக்கொள்வதற்கும் இதே சொல்தான். அது கோல் சுழலும் அசைவிலிருந்து வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கு கணினித் துறையில் இருக்கிறது. 1968இல் கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் இந்தச் சொல்லைத் தலைப்பிலேயே வைத்து ஒரு கட்டுரை எழுதினார். நினைவகத்தில் இடம் போதாதபோது, கணினி தகவலின் ஒரு துண்டை ('பக்கம்' என்பார்கள்) சேமிப்பு வட்டுக்குத் தள்ளி இன்னொன்றைக் கொண்டுவரும். அடுத்த நொடியே தள்ளியதைத் திரும்பக் கேட்கும். இந்தப் போக்குவரத்திலேயே நேரமெல்லாம் கரைந்து, கொடுத்த வேலை அப்படியே கிடக்கும். அதற்குப் பெயர் 'த்ராஷிங்'. ஓயாத அடி, ஒரு மணிகூட உதிராத அடி. ஆளை அடிப்பதன் பலனை இவ்வளவு சரியாகச் சொன்ன வேறு வழக்கை நான் பார்த்ததில்லை. கணினிப் பாடம் எழுதுகிறவர்களுக்கு என் பரிந்துரை 'அல்லாடல்'. இதைவிடப் பொருத்தமான சொல் வைத்திருப்பவர்கள் கீழே எழுதுங்கள். 'பிள்ளைகளை அடிக்காமல் எப்படி வளர்ப்பது' என்று கேட்க வருகிறவர்கள், மேலே கணினியைப் பற்றி எழுதியதை இன்னொரு முறை படித்துவிட்டு வாருங்கள்.