உதயப் படங்களுக்கு நடுவே வாட்ச் பணி காணாமல் போய்விட்டது

பயிற்சிக் கப்பல் வாழ்க்கையைப் பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் சூரிய உதயப் படங்களும் சீருடை அணிவகுப்பும்தான் அதிகம், அன்றாட வேலை இரண்டே வரியில் முடிந்துவிட்டது. கேடட்டாக, அதாவது கப்பலில் பயிற்சி மாணவனாக, இருந்தவன் என்பதால் சொல்கிறேன்.

நாலு மணி நேரம் வாட்ச் (முறை வைத்துச் செய்யும் கண்காணிப்புப் பணி), எட்டு மணி நேரம் ஓய்வு என்பது ஏட்டுக் கணக்கு. துரு தட்டுவது, பெயின்ட் அடிப்பது, வகுப்பு, தீயணைப்புப் பயிற்சி, துணி துவைப்பது எல்லாம் அந்த எட்டுக்குள்தான். எனக்குப் பிடித்தது காலை 4 முதல் 8 வரையான வாட்ச். விடியும் முன் நட்சத்திரமும் தொடுவானமும் சேர்ந்து கண்ணுக்குத் தெரிவது கொஞ்ச நேரம்தான், அதற்குள் செக்ஸ்டன்ட் என்ற கோணம் அளக்கும் கருவியில் நட்சத்திரத்தை மெல்லக் கீழே இறக்கித் தொடுவானத்தைத் தொட வைக்க வேண்டும், தொட்ட நொடியில் நான் குரல் கொடுப்பேன், பக்கத்தில் நிற்பவன் நேரத்தைக் குறிப்பான். இதை வைத்துத்தான் கப்பல் இருக்கும் இடத்தைக் கணிப்போம், 4 நொடி பிசகினால் அந்த இடம் நிலநடுக்கோட்டருகே 1 கடல் மைல் தள்ளிப் போய்விடும். ஜிபிஎஸ் இருக்க இதெல்லாம் எதற்கு என்று கேட்கிறார்கள். கருவி சொல்வதைச் சரிபார்க்கத் தெரியாதவரை நம்பிக் கப்பலைக் கொடுக்க முடியுமா?

அப்புறம் தூக்கம். கப்பல் உருளும் இரவுகளில் மெத்தையின் வெளி ஓரத்துக்கு அடியில் லைஃப் ஜாக்கெட்டைச் செருகி, சுவரோடு ஒட்டிப் படுப்போம், இல்லாவிட்டால் கீழே விழ வேண்டியதுதான். 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேர ஓய்வு என்று கப்பல் பணியாளர்களுக்கான சர்வதேச ஒப்பந்தமான எஸ்டிசிடபிள்யூவின் விதி சொல்கிறது, பயிற்சி மாணவர்களுக்கும் அதைக் கறாராகக் கொடுக்க வேண்டும்.

இன்ஜின் ரூம் கேடட்டுகளைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. அந்தச் சூட்டிலும் சத்தத்திலும் பம்ப் பம்பாகத் தொட்டுப் பார்த்து அளவு குறிப்பவர்கள் அவர்கள். அடுத்த முறை அவர்களிடமும் பேசிவிட்டு எழுதுங்கள்.