ஒல்லி டயர் கேட்டது ஒரு குற்றமா?

நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டிக்கு அகலம் குறைந்த டயர் வேண்டும் என்று கேட்பது, கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு ஒரே ஒரு இட்லி போதும் என்று சொல்வதற்குச் சமமான குற்றம் என்பது எனக்கு இந்த மாதம்தான் தெரிந்தது. கேட்டவர்கள் முதலில் சிரித்தார்கள். பிறகு எனக்குப் பண முடை போலிருக்கிறது என்று தங்களுக்குள்ளேயே முடிவுகட்டிக்கொண்டார்கள்.

என்னிடம் இருப்பது பவர் ஸ்டீரிங் இல்லாத பழைய மாருதி ஜிப்ஸி. அதற்கு உரிய டயர் அளவு 205/70 ஆர்15; அதாவது அகலம் 205 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம், ரிம்மின் விட்டம் 15 அங்குலம். எனக்கு முன்பு அதை வைத்திருந்த புண்ணியவான், நிழற்படத்தில் கம்பீரமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக 8 அங்குல அகலமுள்ள அலாய் ரிம்மில் 235/75 ஆர்15 டயர்களை ஏற்றிவைத்துவிட்டார். நானோ தாண்டிக்குடிக்கு மேலே உள்ள காப்பித் தோட்டத்துக்குப் போய் வருகிறவன். கடைசி ஆறு கிலோமீட்டர், என்றைக்கோ ஜல்லியைக் கொட்டிவிட்டுத் தார் ஊற்ற மறந்துபோன சாலை.

பங்குனி வெயிலில் அந்த ஜல்லி மொத்தமும் பெயர்ந்து கிடந்தபோது, ஒரு இறக்கத்து வளைவில் இரண்டாம் கியரில்தான் இறங்கினேன். ஸ்டீரிங்கை முழுதாக ஒடித்தும் முன்சக்கரங்கள் திரும்பியபடியே நேராக வழுக்கிக்கொண்டு போய், ஓரத்துச் சில்வர் ஓக் மரத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றன. களத்தில் காயப்போட்ட மிளகின் மேல் அகலச் செருப்போடு கால் வைத்தவர்களுக்கு அந்த உணர்வு தெரியும்.

அகலமான டயர்தான் பிடிக்கும் என்று ஊரே ஓதுகிறது. தார்ச்சாலையில் பிடிக்கும்; ஆழமான மணலில் புதையாமல் மிதக்கவும் உதவும். ஆனால் கெட்டித் தரையின் மேல் உதிரிக் கற்கள் பரவிக் கிடக்கும் இடத்தில் மிதப்பதைவிட ஆபத்து என்ன இருக்கிறது? டயர் ஒல்லியாக இருந்தால் அதன் தடம் குறுகி நீள்கிறது, முன்னால் ஒதுக்கித் தள்ள வேண்டிய கல்லும் குறைகிறது, ஆகவே அது கற்களை விலக்கிக்கொண்டு அடியிலிருக்கும் கெட்டியைத் தொடுகிறது. உலக ராலி கார்ப் பந்தயங்களில் தார்ச்சாலைக்கு 18 அங்குல ரிம்மில் அகலமான டயரையும், சரளைக்கு 15 அங்குல ரிம்மில் அதைவிட ஒடுங்கிய டயரையும் மாட்டுகிறார்கள். சுவீடனின் பனியில் ஆணி பதித்த ஒல்லி டயரில் பறக்கிறார்கள். அவர்களுக்கும் பண முடையா?

இதையெல்லாம் நான் டயர்க் கடையில் பொறுமையாகத்தான் சொன்னேன். கடைக்காரர் குனிந்து பழைய டயரின் பக்கவாட்டு எண்ணை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இதைக் கழட்டிட்டுச் சின்னது போட்டா வண்டி ஆட்டோ மாதிரி இருக்கும் சார்" என்றார். சரி, 205/70 இல்லாவிட்டால் 195/80 ஆர்15 கொடுங்கள் என்றேன். அது மாருதியின் இன்னொரு வண்டியான ஜிம்னிக்கு வருவது, ஜிப்ஸிக்கு ஆகாது என்று கறாராகச் சொன்னார். ஆகாதா? என் வண்டிக்கு உரிய டயரின் உயரம் 668 மில்லிமீட்டர். ஜிம்னி டயரின் உயரம் 693. இப்போது மாட்டியிருக்கும் 235/75 டயரின் உயரமோ 733! இந்த டயரில் மீட்டர் 60 காட்டும்போது வண்டி ஏறக்குறைய 66இல் ஓடுகிறது, ஏற்றத்தில் இன்ஜின் மூச்சு வாங்குகிறது, முழுதாக ஒடித்தால் டயர் மட்கார்டில் உரசுகிறது. அது ஆகுமாம், இது ஆகாதாம்.

அடுத்த கடையில் இன்னும் மோசம். இந்த அலாய் ரிம்மிலேயே ஒல்லி டயரை இழுத்து மாட்டித் தருகிறேன் என்று ஒருவர் முன்வந்தார். அத்தனை அகலமான ரிம்மில் அப்படி மாட்டினால், கூரான கல்லில் மோதும்போது டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்று மொத்தக் காற்றும் இறங்கிவிடும் என்பதை டயர் விற்கிறவருக்கு நான் சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் காயலான் கடை காயலான் கடையாக ஏறி இறங்கி, பழைய இரும்பு ரிம் ஐந்தையும் நானே தேடிப் பிடித்தேன். (அதில் ஒன்று கோணல், தட்டி நிமிர்த்தியதற்குத் தனிக் கூலி.)

இத்தனைக்கும் எங்கள் தோட்டத்துப் பாதையில் மலைவாழைத் தார்களைக் கூரை வரைக்கும் அடுக்கிக்கொண்டு தினமும் இறங்கும் பழைய ஜீப்புகள் எல்லாம் 6.00-16 டயரில்தான் ஓடுகின்றன. அதன் அகலம் வெறும் ஆறு அங்குலம். அதை ஓட்டுகிற அண்ணன் ஒருவர் என் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இந்த டயரு டவுனுக்குத்தான் தம்பி" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போனார்.

195/80 ஆர்15, ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து டயர், முன்பணம் கட்டி மூன்று வாரம் ஆகிறது. நேற்றுக் கடையிலிருந்து தொலைபேசி வந்தது. ஆவலோடு எடுத்தேன். "சார், உங்க வண்டிக்கு 265 ஒரு செட் வந்திருக்கு, வேணுமா?" என்று கேட்கிறார்.